சிவன்மலையும் காங்கேய நாடும்: பதி, பசு, வேலி

கொங்கு மண்டலம் பண்டு 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது முன்னோர் மரபு. அவற்றுள் ஒன்று காங்கேய நாடு. காங்கேயம், வெள்ளகோவில், கண்ணபுரம், பட்டாலி, பரஞ்சேர்வழி, முத்தூர் முதலிய ஊர்கள் அந்நாட்டு ஊர்களாகப் பேசப்படுகின்றன. வெள்ளகோவிலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் இருபுறமும் காண்பது பரந்த மேட்டு நிலம்; செம்மண்ணும் சரளையும் கலந்த காடு; காட்டைச் சூழ்ந்த முள்வேலி; வேலிக்குள் நிற்கும் வெள்வேல மரங்கள்; மரத்தடியில் அசைபோடும் மாடுகள். காங்கேயத்தைக் கடந்து திருப்பூர்ச் சாலையில் சுமார் 5 கிலோமீட்டர் சென்றால், சமநிலத்தின் நடுவே தனித்து எழுந்த ஒரு குன்று காட்சி தருகிறது. அதுவே சிவன்மலை.

குன்றின்மேல் எழுந்தருளியிருப்பவர் சுப்பிரமணிய சுவாமி. வள்ளியம்மையோடு அருள்பாலிக்கும் முருகப்பெருமானே அத்தலத்தின் நாயகர். அங்ஙனமாயின், முருகன் மலைக்குச் சிவன்மலை என்று பெயர் வந்தது எவ்வாறு? திருவிழாவுக்கு வரும் அன்பர் பலர் இவ்வினாவை எழுப்புகின்றனர். இதற்கு விடை காண்பதே இவ்வுரையின் தொடக்கம். விடையைத் தேடிச் செல்லுங்கால், மலை மட்டுமன்றி மலையைச் சுற்றியுள்ள மண்ணும் மந்தையும் நமக்குச் சைவத்தின் உட்பொருளைக் கற்பிப்பதைக் காண்போம்.

பெயரின் பொருள்

தலபுராண மரபு ஒன்று கூறுவது இது. சிவபெருமான் திரிபுரம் எரிக்கப் புறப்பட்டபோது மேருமலையை வில்லாக வளைத்தார். அவ்வாறு வளைத்தபோது மேருவின் சிகரத்திலிருந்து ஒரு துண்டு சிதறி இம்மண்ணில் விழுந்தது. சிவன் கையில் வில்லாயிருந்த மலையின் கூறு ஆதலின் இது சிவன்மலை ஆயிற்று. மற்றொரு மரபு, சித்தர் சிவவாக்கியர் இக்குன்றில் தங்கித் தவம் இயற்றி முருகனை வழிபட்டார் என்றும், அவர் பெயராலேயே மலை வழங்கலாயிற்று என்றும் கூறும்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. சைவர்க்கு முருகன் சிவனின் வேறல்லன். பெருமானின் நெற்றிக்கண்ணில் தோன்றிய பொறியே ஆறுமுகக் கடவுள் ஆயிற்று என்பது கந்தபுராணம் விரிக்கும் செய்தி. தீயிலிருந்து தெறித்த பொறியும் தீயே அன்றோ? மேருவிலிருந்து சிதறிய துண்டும் மேருவே அன்றோ? தந்தையின் பெயரைத் தாங்கிய மலையில் மைந்தன் நிற்பது இவ்வுண்மையைக் கல்வி அறியாதவர்க்கும் எளிதில் உணர்த்துகிறது.

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இத்தலப் பெருமானைத் திருப்புகழில் பாடியுள்ளார். அவர் தலத்தைக் குறிப்பது பட்டாலியூர் என்னும் பெயரால். பட்டாலி என்பது மலையை அடுத்துள்ள சிற்றூர். இவ்வளவு உயர்ந்த குன்றைப் பாடவந்த அருளாளர், அதனடியில் உழவரும் ஆயரும் வாழும் ஊரின் பெயரையே வழங்கினார் என்பது நாம் கருதத்தக்கது. மலைக்கு ஊர் அடையாளம்; ஊருக்கு மலை அடையாளம். ஒன்றை விட்டு மற்றொன்றைப் போற்றுதல் இயலாது.

கல்லின் சிறப்பு

சிவன்மலையின் கல்லும் ஏனைய குன்றுகளின் கல்லைப் போன்றதன்று. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர் இக்குன்றை ஆராய்ந்து 1901ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நெஃபலின் சயனைட் என்னும் அரிய பாறையினத்தை அவர் இங்கே கண்டு விளக்கினார். நம் ஊர்களில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பயன்படும் கருங்கல்லில் படிகக்கல் என்னும் குவார்ட்சு மிகுதியாக உண்டு. இப்பாறையிலோ அது இல்லை. அதற்கு மாறாகக் குருந்தக்கல் சில இடங்களில் விளைந்துள்ளது. வைரத்திற்கு அடுத்த கடினம் வாய்ந்தது குருந்தம். மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்தத்தின் நிறவேறுபாடுகளே. உலகெங்கும் உள்ள நிலவியல் மாணவர் சிவன்மலையின் பெயரைப் பாடநூலில் படிக்கின்றனர்.

மலைக்கு அண்மையில் உள்ள படியூர், பச்சைக்கல் வகையைச் சேர்ந்த நீலப்பச்சை மணிகள் கிடைத்த இடமாகப் பெயர் பெற்றது. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குள்ளோர் மணி அறுத்துத் துளையிட்டுப் பட்டை தீட்டும் தொழிலில் வல்லவராய் இருந்ததைக் காட்டின. பதிற்றுப்பத்துப் பேசும் கொடுமணம் இதுவே என்பர்.

புராணம் மேருவின் துண்டு என்கிறது; நிலவியல் அரிய பாறை என்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவ முயலுதல் வேண்டா. புராணம் இறைவனுக்கும் மலைக்கும் உள்ள உறவைச் சொல்ல வந்தது. நிலவியல் கல்லின் கூட்டைச் சொல்ல வந்தது. எனினும் இரண்டும் கூடிச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. இது பிறிதொன்றால் ஈடுசெய்ய இயலாத மலை. உடைத்தால் மீண்டும் வாராத மலை.

நீரற்ற நிலத்திற்குக் கங்கையின் பெயர்

காங்கேயன் என்பது முருகனின் திருநாமங்களுள் ஒன்று. கங்கை தாங்கி வந்த மைந்தன் என்பது அதன் பொருள். ஆனால் அப்பெயர் பூண்ட நாட்டில் கங்கையைப் போன்ற பேராறு எதுவும் இல்லை. வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி, இரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டு நிலமே காங்கேய நாடு. மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் இருத்தலால் தென்மேற்குப் பருவத்தில் காற்று வருகிறதேயன்றி மழை வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்வதே பெரும்பாலும் நமக்கு மழை. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல ஆண்டு என்று மகிழ்வோம்.

ஆதலால் முன்னோர் பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டினர். இரண்டு எருதுகளைப் பூட்டி, சரிவான வாரியில் முன்னும் பின்னும் ஓட்டி, தோற்பறியால் நீர் இறைத்த கவலை ஏற்றம் ஒரு காலத்தில் தோட்டந்தோறும் இருந்தது. மின் இறைப்பி வந்தபின் அது மறைந்தது. பின்னர்ப் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால் இம்மண்ணுக்கும் நீட்டப்பட்டது. வெள்ளகோவில் பகுதி அவ்வாய்க்காலின் கடைமடை. கடைமடை உழவர்க்கு நீர் வரும், வாராதும் போகும். வெள்ளகோவிலை அடுத்த வட்டமலைக்கரை ஓடை அணை நெடுங்காலம் வறண்டு கிடந்ததையும், 2021ஆம் ஆண்டில் அவ்வணைக்கு நீர் விடப்பட்டபோது அப்பகுதி மக்கள் அடைந்த மகிழ்ச்சியையும் அறிந்தவர்கள், இந்நாட்டில் நீர் என்பது எத்தகைய அருள் என்பதை உணர்வர்.

இத்தகைய நிலத்திற்குக் கங்கை மைந்தன் பெயர் சூட்டிய முன்னோர், இல்லாததைச் சொல்லித் தம்மை ஏமாற்றிக்கொண்டார் என்று எண்ணுதல் பொருந்தாது. நீர் அரிதாய் உள்ள இடத்தில்தான் நீரின் தெய்வத்தன்மை மறக்கப்படுவதில்லை. குறைந்த மழையைக் கொண்டு நிறைந்த வாழ்வை நடத்தும் வழியையும் அவர்கள் கண்டனர். அவ்வழிதான் கொறங்காடு.

கொறங்காடும் காங்கேயம் காளையும்

கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட சொந்த நிலம். நான்கு புறமும் முள்கிளுவையை நட்டு உயிர்வேலி அமைப்பர். உள்ளே கொழுக்கட்டைப்புல் தானே முளைக்கும். புல்லினிடையே பயறு வகைச் செடிகளும் கொடிகளும் வளரும். ஆங்காங்கே வெள்வேல மரம் நிழலும், வறண்ட மாதங்களில் மாட்டுக்கு உணவாகும் காயும் தரும். நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றை ஆற விடுவர். மழைக்குப்பின் புல் வேரூன்றும் நாள்களில் மாட்டை உள்ளே விடாமல் படலைச் சாத்தி வைப்பர். உழவு இல்லை, உரம் இல்லை, இறைப்பு இல்லை. மாட்டின் சாணமே மண்ணுக்கு எரு.

இப்புல்லை உண்டு வளர்ந்ததே உலகறிந்த காங்கேயம் மாடு. பிறக்கும்போது கன்று செந்நிறமாயிருக்கும். சில மாதங்களில் வெண்மையும் சாம்பலும் கலந்த மயிலை நிறம் கொள்ளும். காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் கருமை படரும். பால் மிகுதியாகத் தருவதில்லை. ஆனால் கடும் வெயிலிலும் வறட்சியிலும் உழைக்கும் வலிமை அதற்கு உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இவ்வினத்தைத் தேர்ந்து பேணியதால் அதன் பெயர் நாடெங்கும் பரவியது. வெள்ளகோவிலுக்கு அண்மையில் உள்ள கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச்சந்தை இவ்வினத்திற்கென்றே பெயர் பெற்றது. அவ்வூரில் பழமையான விக்கிரமசோழீசுவரர் திருக்கோயிலும் உண்டு. சந்தையும் சன்னிதியும் ஓரூரில் அமைந்திருப்பது கொங்கு நாட்டிற்கு இயல்பே.

மேலும் நோக்குக. கொங்கின் மேற்கே நொய்யற் கரையில் பேரூர். அங்குள்ள இறைவன் பட்டீசுவரர். காமதேனு வழிபட்ட தலம் அது. கன்றின் குளம்படிச் சுவடு சிவலிங்கத் திருமேனியில் உள்ளது என்பர். கிழக்கே அமராவதிக் கரையில் கருவூர். அங்குள்ள இறைவன் பசுபதீசுவரர். அங்கும் காமதேனு வழிபட்டதாகவே வரலாறு. கருவூர், தேவாரப் பாடல் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழனுள் ஒன்று. பசுவின் பெயரால் விளங்கும் இவ்விரு பெருந்தலங்களுக்கும் நடுவே மாட்டுக்குப் பெயர்போன காங்கேய நாடு அமைந்திருக்கிறது.

பதி, பசு, பாசம்

சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருள் பதி, பசு, பாசம் என்பன. பதி இறைவன். பசு உயிர். பாசம் உயிரைப் பிணித்த கயிறு. இவற்றை விளக்கவந்த பெரியோர் மாட்டையும் கயிற்றையும் எடுத்துக்காட்டியது, கேட்போர் அன்றாடம் தொழுவத்தில் காண்பதைக் கொண்டு அரிய பொருளை அறிவிக்கவே ஆகும். காங்கேய நாட்டு உழவர்க்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தன்னைக் கட்டியிருக்கும் கயிற்றை மாடு தானே அவிழ்த்துக்கொள்ளாது, அவிழ்ப்பவன் உடையவனே. உயிரும் அத்தகையது.

ஆனால் இந்நாட்டுக் கொறங்காடு இவ்வுவமைக்கு மேலும் ஒரு விளக்கம் தருகிறது. இங்கே மாட்டைக் கயிற்றால் கட்டி மேய்ப்பதில்லை, வேலிக்குள் அவிழ்த்துவிடுகின்றனர். வேலி மாட்டைத் தடுக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் பசும்புல் தளிர்த்திருப்பதை மாடு காண்கிறது. படல் சாத்தியிருப்பதால் செல்ல இயலவில்லை. அது தண்டனை என்று மாடு கருதலாம். உடையவனோ, இன்று மிதித்தால் வேரோடு அழியும் புல்லை, முற்றியபின் அதே மாட்டுக்குக் கொடுக்கவே அடைத்து வைத்திருக்கிறான்.

இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்று மறைத்தல். அதனைச் செய்யும் ஆற்றலைத் திரோதான சத்தி என்பர். அது மலங்களைத் தொழிற்படுத்துவதால் மலங்களோடு சேர்த்தும் எண்ணப்படும். உண்மையில் அது அருளே. நாம் வேண்டியது கிடைக்காமற் போகும் காலங்கள் வாழ்வில் உண்டு. மழை பொய்க்கிறது, மகள் திருமணம் தள்ளிப்போகிறது, தொழிலில் கை நட்டப்படுகிறது. அந்நேரம் 'ஆண்டவன் கண்ணை மூடிக்கொண்டான்' என்று நோகிறோம். கிளுவை வேலியை நினைந்தால் அந்நோவு சற்றே தணியும். அடைத்த படல் திறவாமல் போவதில்லை. உரிய காலம் நோக்கி நிற்கிறது.

மலையை வலம்வரும் தேர்

தைப்பூசமே சிவன்மலையின் பெருந்திருவிழா. இத்தேரோட்டம் ஏனைய ஊர்த் தேரோட்டத்தினின்றும் வேறுபட்டது. பல தலங்களில் தேர் நான்கு மாடவீதியைச் சுற்றி அன்றே நிலைக்கு வரும். இங்கே மலையே கோயில்; மலையைச் சுற்றிய வழியே தேர்வீதி. ஆதலின் தேர் மலையை வலம்வந்து நிலைசேர 3 நாள்கள் ஆகின்றன. பகலில் இழுத்த தேர் மாலையில் வழியில் நிற்கும். மறுநாள் மீண்டும் வடம் பிடிப்பர்.

தேர் நின்ற இடத்தில் இரவெல்லாம் பெருமான் தங்குகிறார். மலைமேல் ஏறிச்செல்ல இயலாத முதியவரும் நோயுற்றவரும் அவரைத் தம் மண்ணிலேயே காண்கின்றனர். காவடியோடும் மாட்டுவண்டியோடும் சுற்றுவட்டார மக்கள் திரள்கின்றனர். மலையுச்சியில் நின்ற பதி, பசுக்கள் மேயும் நிலத்தைத் தாமே சுற்றிப் பார்க்க வருவதாக இதனைக் கொள்ளலாம். பட்டியைச் சுற்றி வேலி சரியாயிருக்கிறதா என்று உடையவன் ஒருமுறை நடந்து பார்ப்பது போன்றது அது.

ஆண்டவன் உத்தரவு

சிவன்மலைக்கே உரிய மற்றொரு வழக்கு ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. முருகன் ஓர் அன்பர் கனவில் தோன்றி, ஒரு பொருளைக் குறிப்பிட்டு, அதனைத் தன் சன்னிதியில் வைத்துப் பூசிக்குமாறு பணிப்பார். அன்பர் கோயிலுக்கு வந்து தெரிவிப்பார். கோயிலார் சுவாமியிடம் பூக்கேட்பர். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு ஆயிற்று என்று கொண்டு, அப்பொருளைத் தூணில் உள்ள கண்ணாடிப் பெட்டியில் வைப்பர். அடுத்த அன்பரின் கனவில் வேறு பொருள் உத்தரவாகும் வரை அது அங்கேயே இருக்கும். காலவரையறை கிடையாது. மண், நீர், தங்கம், மஞ்சள், அரிசி எனப் பல பொருள்கள் இவ்வாறு இடம்பெற்றுள்ளன.

பெட்டியில் வைத்த பொருள் உலகில் ஏதோ ஒரு வகையில் தாக்கம் உண்டாக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்கு முன்னர் நீர் வைக்கப்பட்டிருந்தது என்று அன்பர்கள் சொல்லி வருகின்றனர். இதனால் மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை ஏறுமா, தங்கம் வைத்தால் வாங்கலாமா விற்கலாமா என்று கணக்கிடுவோரும் உளர்.

நம்பிக்கையை நாம் குறைகூற வரவில்லை. எனினும் அப்பெட்டியின் பெயரை ஊன்றிப் படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். 'ஆண்டவன் குறி' என்றோ, 'ஆண்டவன் சோதிடம்' என்றோ முன்னோர் பெயரிடவில்லை, உத்தரவு என்றனர். குறி என்பது நடக்கப்போவதைச் சொல்வது. உத்தரவு என்பது நாம் செய்யவேண்டுவதைச் சொல்வது. மண் பெட்டியில் அமர்ந்தால், நிலவிலை ஏறுமா என்று கேட்பது ஒரு வகை. நம் மண்ணை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம் என்று கேட்பது மற்றொரு வகை. நீர் அமர்ந்தால், கடைமடைக்கு நாம் எவ்வளவு விட்டுவைத்தோம் என்று நெஞ்சைக் கேட்டுப்பார்க்கலாம். இவ்விரண்டாம் கேள்வியே உத்தரவை ஏற்றவன் கேட்கும் கேள்வி.

நாம் இழக்கலாகாதது

இன்று காங்கேய நாட்டில் கொறங்காடு சுருங்கி வருகிறது. பாகப்பிரிவினையில் துண்டான நிலம் மேய்ச்சலுக்குப் போதாது போகிறது. சாலையோரக் காடுகள் மனைகளாகின்றன. பராமரிக்க ஆளின்றிக் கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி இடுகின்றனர். உழவுக்கும் வண்டிக்கும் இயந்திரம் வந்தபின் எருதுக்கு வேலையில்லை. வேலையில்லாத எருதை வைத்திருக்க எளிய குடும்பத்தால் இயலவில்லை. 2017ஆம் ஆண்டில் ஏறுதழுவலுக்காகத் தமிழகம் எழுந்தபோது காங்கேயம் காளையின் படம் எங்கும் விளங்கியது. படம் பரவியது போல மந்தை பெருகிற்றா என்பதே நாம் கேட்கவேண்டுவது.

இதனைப் பொருளாதாரச் சிக்கல் என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடலாகாது. பசுவையும் வேலியையும் கண்ணால் கண்ட தலைமுறைக்குப் பதி, பசு, பாசம் என்றால் பொருள் விளங்கிற்று. தொழுவம் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது ஏட்டுச்சொல்லாக நிற்கும். மேலும், புல்வெளி போனால் மழைநீர் மண்ணில் இறங்காது ஓடிவிடும், கிணறு வற்றும், கடைமடை மேலும் வறளும். பெருமான் தைப்பூசத்தில் சுற்றிப் பார்க்க வரும் பட்டியில் வேலியும் இல்லை, பசுவும் இல்லை என்றால், அவ்வலத்திற்கு நாம் காட்டுவது எதனை?

அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் நிலைக்கேற்ப ஒன்று செய்யலாம். நிலம் உடையவர் ஒரு கட்டமேனும் புல்லுக்கு விட்டு, கிளுவை வேலியைக் காக்கலாம். பட்டணத்தில் தொழில்புரிவோர் ஊரில் மாடு வளர்க்கும் குடும்பத்திற்கு ஒரு கன்றின் செலவை ஏற்கலாம். கோயிலுக்குப் பசு நேர்ந்துகொள்வோர், அது மேயுமிடமும் உண்டா என்று முன்னர் அறிந்து நேர்தல் நன்று. மலைக்கு வருவோர் நெகிழிக் குப்பையை அடிவாரத்தில் எறியாதிருத்தல் யாவர்க்கும் இயலும். அதனைத் தின்று மடிவது பெருமானின் பசுவே.

தெற்கே கொங்கணச் சித்தரின் நினைவைத் தாங்கும் ஊதியூர் மலை, வடகிழக்கே கந்தர் சட்டி கவசம் அரங்கேறிய தலமெனப் போற்றப்படும் சென்னிமலை, இடையே சிவன்மலை. மலைகள் மூன்றும் இருந்த இடத்தில் இருந்தவாறே நம்மைக் காத்து வருகின்றன. அவற்றின் அடியில் உள்ள மண்ணைக் காப்பது நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. அதுவும் ஓர் உத்தரவே என்று உணர்ந்து நடக்க, வள்ளி மணாளன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.